அய்யனார் காட்டு இலையும் அளத்துத் தண்ணீரும்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரியிலிருந்து மரக்காணம் போகும் பேருந்து கீழ்புத்துப்பட்டில் நிற்கும்போது இறங்குகிறவர்கள் பெரும்பாலும் மஞ்சனீஸ்வரர் அய்யனாரைக் கும்பிட வந்தவர்கள். பொங்கல் பானை, விறகுக்கட்டு, மொட்டையடிக்கப்போகும் குழந்தை என்று ஒரு குடும்பமே இறங்கும். கோயிலைச் சூழ்ந்து நிற்கும் காட்டுக்காக இறங்குகிறவர் அபூர்வம். காடும் பெரிதல்ல, சில பத்து ஏக்கர்தான். ஆனால் அதைக் கத்திரி வெயிலில் போய்ப் பார்க்க வேண்டும். மழை ஓய்ந்து மாதக்கணக்காகியிருக்கும். சுற்றுவட்டாரத்துப் புல்லெல்லாம் வைக்கோல் நிறத்துக்கு வந்திருக்கும். காடு மட்டும் கரும்பச்சையாக, ஒன்றுமே நடக்காத மாதிரி நிற்கும்.

இந்தக் கரையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். பிறகு நெடுங்காலம் வறட்சி, நடுவே எப்போதாவது ஓர் இடிமழை. இப்படிப்பட்ட ஊரில் காடு என்றால் இலையுதிர் காடாக இருப்பதுதான் வழக்கம். தண்ணீர் குறைந்ததும் இலையைக் கொட்டிவிட்டு அடுத்த மழைக்குக் காத்திருப்பது மரங்களின் பொது உத்தி. புத்துப்பட்டுக் காடு அதற்கு உடன்படவில்லை. இந்தியக் காடுகளை வகைப்படுத்தி சாம்பியனும் சேத்தும் 1968-இல் வெளியிட்ட நூலில் இதற்குத் தனி இடம் உண்டு: வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு. ‘உலர்’, ‘பசுமைமாறா’ என்ற இரண்டும் ஒரே பெயருக்குள் முட்டிக்கொண்டு நிற்கின்றன. சோழமண்டலக் கரையில் இந்தக் காடு துண்டு துண்டாகத்தான் மிஞ்சியிருக்கிறது, அதுவும் பெரும்பாலும் அய்யனார் பெயரிலோ அம்மன் பெயரிலோ.

இந்த முரணுக்கு விடையைக் கையால் தொட்டே பார்க்கலாம். காயா மரத்தின் ஓர் இலை போதும். காசான் என்றும் சொல்கிறார்கள். இந்தக் காட்டில் எங்கே திரும்பினாலும் அது நிற்கும். இலை ஒரு விரல் நீளம் இருந்தால் அதிகம். கீழே விழுந்து கிடப்பதில் ஒன்றை எடுத்து மடித்துப் பாருங்கள், மடங்காமல் ஒடியும். அவ்வளவு தடிப்பு. மேலே மெழுகு பூசிய பளபளப்பு. நடுநரம்பு ஒன்றுதான் துலக்கமாகத் தெரியும், பக்க நரம்புகள் சதைக்குள்ளேயே புதைந்திருக்கும். இந்தத் தடிப்பும் மெழுகும் சும்மா வருவதல்ல, மரம் அதற்குச் செலவழித்திருக்கிறது. இலையுதிர் மரம் மெல்லிய இலையை மலிவாகச் செய்து, மழைக்காலம் முழுக்க அதை வைத்து வேகமாகச் சம்பாதித்து, கோடையில் தூக்கி எறிந்துவிடும். காயா அப்படிச் செய்வதில்லை. விலையுயர்ந்த இலையைச் செய்து அதை நெடுநாள் காப்பாற்றுகிறது. தினசரி வருமானம் குறைவு, ஆனால் கடை மூடுவதே இல்லை. மாசியிலோ சித்திரையிலோ திடீரென்று ஒரு மழை பெய்தால் இலையுதிர் மரத்துக்கு அதைப் பயன்படுத்திக்கொள்ள இலை இராது. காயாவுக்கு இருக்கும். இலை சிறியதாக இருப்பதிலும் கணக்குண்டு. பெரிய இலை வெயிலில் சூடேறினால் நீரை ஆவியாக விட்டுத்தான் தணிய வேண்டும், சிறிய இலையின் சூட்டைக் கடற்காற்றே வாங்கிக்கொண்டு போய்விடும்.

காயா பூக்கும்போது பார்த்தவர்கள் பாக்கியசாலிகள். இலையுதிர்ந்த கணுக்களில், தண்டை ஒட்டியே, நீலமும் ஊதாவுமாகக் கொத்துக் கொத்தாக வெடித்து நிற்கும். மகரந்தம் வெளியே கொட்டிக் கிடக்காது. மகரந்தப் பையின் வாய் மிகச் சிறியது. தேனீ பூவைப் பற்றிக்கொண்டு, பறக்காமலே சிறகுத் தசையை அதிரவைத்து, ஒரு குறிப்பிட்ட ரீங்காரத்தில் அதை உலுக்கி எடுக்க வேண்டும். அந்த வித்தை தெரிந்த தேனீக்கு மட்டுமே கூலி.

தலைக்கு மேலே பாலை மரம். காட்டின் உயரமான மரங்களில் ஒன்று, கரடுமுரடான கரும்பட்டை, வைரம் பாய்ந்த கட்டை. கீழ்புத்துப்பட்டில் இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று பல ஆண்டுகளாக இருக்கிறது. கோயிலுக்கு வந்திருந்த முகாமைச் சேர்ந்த ஒரு மூதாட்டி மரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: “உது பாலையெல்லே தம்பி? எங்கட வன்னியில காடு முழுக்க நிக்கும். பழத்தத் திண்டா ரெண்டு உதடும் ஒட்டிப்போம்.” அவர் சொன்னது அத்தனையும் சரி. இதே பாலையும், இங்கே அதோடு நிற்கும் வீரை மரமும் வன்னிக் காட்டின் முக்கிய மரங்கள். பாக் நீரிணைக்கு இருபுறமும் ஒரே காடுதான், ஒரே வறட்சி, ஒரே வடகிழக்குப் பருவமழை. பழத்தின் பால்தான் உதட்டில் ஒட்டுவது. இலங்கையின் தென்கிழக்கில் யால காட்டுக் கரடிகள் பாலைப்பழக் காலத்தில் மரத்திலேயே ஏறி உட்கார்ந்துவிடும். புத்துப்பட்டில் கரடி கிடையாது. இங்கே அந்த வேலையைக் குயிலும் கொண்டைக்குருவியும் பழந்தின்னி வௌவாலும் மரநாயும் பங்குபோட்டுக்கொள்கின்றன. உலர் பசுமைமாறாக் காட்டின் மரங்களில் பெரும்பாலானவை சதைப்பற்றுள்ள பழம் கொடுப்பவை. விதையைச் சுமந்துபோக யாராவது ஓர் உயிர் வந்தே ஆக வேண்டும் என்ற நிபந்தனையோடு வாழ்கிறவை. வௌவால் ஒரு மரத்தில் பறித்த பழத்தை இன்னொரு மரத்தில் தொங்கிக்கொண்டு தின்னும். அந்த மரத்தடியில் பார்த்தால் அந்த மரத்துக்குச் சம்பந்தமே இல்லாத கன்றுகள் முளைத்திருக்கும்.

கொடிகளைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் காட்டைப் பற்றிச் சொன்னதாகாது. பக்கத்துக் காலாப்பட்டில் இருக்கும் புதுவைப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் பார்த்தசாரதியும் அவருடைய மாணவர்களும் 1990-களிலிருந்து இக்கரைக் காடுகளில் மரம் கொடி என்று ஒவ்வொன்றாக எண்ணி அளந்து எழுதியிருக்கிறார்கள். அவர்கள் அளந்ததில் மரத்துக்கு இணையாகக் கவனம் பெற்றவை வன்கொடிகள். கொடிக்கு ஆசை வெளிச்சம், தண்டுக்குச் செலவழிக்க மனமில்லை, அடுத்தவன் தோளில் ஏறுகிறது. ஏறும் முறையில்தான் நயம். செங்காந்தளின் இலைநுனியே நீண்டு சுருண்டு பிடிமானமாகிவிடும். மோதிரக்கண்ணியை நான் அதைவிட மேலாகச் சொல்வேன். கிளை நெடுக, எதிரெதிராக, உள்நோக்கிச் சுருண்ட கொக்கிகள் இரண்டிரண்டாக இருக்கும். எதையும் பிடிக்காத கொக்கி மெலிந்தே நிற்கும். ஒரு குச்சியைப் பிடித்த கொக்கியோ தொடு உணர்ச்சியால் தூண்டப்பட்டுப் பருத்து, கட்டை பாய்ந்து, பிடியை நிரந்தரமாக்கிக்கொள்ளும். பிடித்த கொக்கியையும் பிடிக்காத கொக்கியையும் ஒரே கிளையில் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கலாம். சாப்பாடு எங்கே தேவையோ அங்கே மட்டும் பரிமாறியிருக்கிறது அந்தக் கொடி.

இந்தக் காட்டைக் காத்தது சாமி பயம் என்று எல்லோரும் சொல்கிறார்கள், உண்மைதான். குச்சி ஒடித்தால் அய்யனார் விடமாட்டார் என்ற பேச்சு பல தலைமுறைக்கு வேலியாக இருந்தது. ஆனால் அந்த வேலி வெட்டுவதைத்தான் தடுக்கும், பெருக்குவதைத் தடுக்காது. வண்டி நிறுத்தவும் பந்தி போடவும் எங்கெல்லாம் தரையைச் சுத்தம் செய்கிறோமோ அங்கெல்லாம் சருகு போகிறது. சருகோடு கரையானும் மரவட்டையும் பூஞ்சையும் போகின்றன, விதை முளைக்க இடம் போகிறது. மேலே பார்த்தால் மரம் செழிப்பாக இருக்கும், கீழே பார்த்தால் ஒரு கன்றும் இராது. பேரப்பிள்ளை இல்லாத ஊரைச் செழிப்பான ஊர் என்று சொல்ல முடியுமா? பக்தியோடு போடப்படும் சிமெண்ட் தளத்தின் மேல் எனக்கு மரியாதை கிடையாது.

காட்டிலிருந்து கிழக்கே நடந்தால் சிறிது தூரத்தில் கடல். மணலில் முதலில் எதிர்ப்படுவது அடும்பு, அடுத்தது ராவணன் மீசை. ஊசியாகக் குத்தும் இந்தப் புல்லில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பெண் செடியின் விதைக்கொத்து ஒரு பெரிய முள்பந்து. முற்றியதும் கழன்று, காற்றில் கரை நெடுக உருண்டோடி, போகிற வழியெல்லாம் விதையைச் சிந்தும். இங்கே உயிர்களின் பிரச்சினை உப்பைவிட நிலையாமை. மணல் ஓயாமல் நகரும், இக்கரையில் ஆண்டின் மொத்தக் கணக்கில் அது வடக்கு நோக்கி நகரும். புதுச்சேரித் துறைமுகத்துக்கு 1980-களின் இறுதியில் கட்டிய அலைதடுப்புச் சுவர் அந்த ஓட்டத்தை மறித்தபின் அதற்கு வடக்கே இருக்கும் கடற்கரைகள் மணல் இழந்ததை ஊரே அறியும். மணல் போன இடத்தில் அடும்பும் இல்லை, முட்டையிட வரும் ஆமைக்கும் இடமில்லை.

நமக்குத் திணை என்று ஒரு சொல் கைவசம் இருப்பதால், இதெல்லாம் நெய்தல் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது எளிது. நிலம், பொழுது, அதில் வாழும் உயிர்கள் என்று சேர்த்துப் பார்த்த அந்தப் பார்வை பெரியதுதான், சந்தேகமில்லை. சூழலியல் என்ற துறைக்கு எர்ன்ஸ்ட் ஹெக்கல் பெயர் வைத்ததே 1866-இல்தான். ஆனால் பெருமை பேசுவதோடு பார்ப்பது நின்றுவிடுகிறது. நெய்தல் என்ற ஒரே பெயருக்குள், புத்துப்பட்டிலிருந்து மரக்காணம் வரையிலான இந்த இருபது கிலோமீட்டரில் எத்தனை விதமான தண்ணீர் இருக்கிறது என்பதுதான் பார்க்க வேண்டியது.

வடக்கே கழுவேலி என்னும் சதுப்புநிலம். மழைக்காலத்தில் சுற்றுப்புற ஏரிகளின் உபரி நீர் வந்து நல்ல தண்ணீராக நிரம்பும். எடையந்திட்டுக் கழிமுகம் வழியாகக் கடல் உள்ளே வரும். கோடையில் பெரும்பகுதி வற்றி விரிசல் விடும். அதாவது ஒரே இடம் ஒரே ஆண்டுக்குள் ஏரியாகவும் கழியாகவும் பொட்டலாகவும் இருக்கும். தமிழக அரசு 2021 டிசம்பரில் 5,151 ஹெக்டேருக்கு மேல் பரப்புள்ள இதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. உப்பு ஏறி இறங்கும் இந்த இடத்தில் செடிகள் தம் தாங்குதிறனுக்கு ஏற்பப் பட்டை பட்டையாகப் பிரிந்து நிற்கின்றன. நல்ல தண்ணீர்ப் பக்கம் கோரை. உவர்நிலத்தில் உமரி. கழிமுகச் சேற்றில் வெண்கண்டல். உமரியும் கண்டலும் சந்திப்பது ஒரே சிக்கலை, வேரில் வரும் உப்பை என்ன செய்வது? உமரி அதை இலைக்குள்ளேயே பைபோட்டு அடைத்து, கூடவே நீரையும் சேர்த்து, இலையைத் தண்ணீர்க் குச்சியாக்கிவிடுகிறது. வெண்கண்டல் இலையிலுள்ள சுரப்பிகள் வழியாக வெளியே தள்ளிவிடுகிறது. வெயில் ஏறியபின் கண்டல் இலையை நக்கிப் பார்த்தால் உப்பு நாக்கில் படும்.

பறவைகளுக்குச் சிக்கல் வேறு: எல்லோருக்கும் ஒரே சேறு. மாசி மாதக் காலையில் கழுவேலிக் கரையில் நின்றால் ஆயிரக்கணக்கில் கூட்டம் கலந்து மேய்வதாகத் தோன்றும். கொஞ்ச நேரம் அலகுகளை மட்டும் பாருங்கள். கொசு உள்ளானின் அலகு குட்டை, அது சேற்றின் மேல்தோலில்தான் கொத்தும். வளைமூக்கு உள்ளான் அதைவிட ஆழம். கருவால் மூக்கன் அலகை வேர்வரை இறக்கிவிடும். இறங்கிய அலகை முழுதாகத் திறக்கச் சேறு விடாது, ஆகவே நுனியை மட்டும் தனியே விரித்துப் புழுவைக் கவ்வும். நுனியில் கண் இல்லை, ஆனால் நுண்ணிய உணர்வுக்குழிகள் உண்டு, சேற்றுக்குள் அசைவதை அவை அறியும். ஒரே பிழைப்பை ஒரே இடத்தில் ஒரே விதமாகச் செய்யும் இரண்டு இனங்கள் நெடுங்காலம் சேர்ந்து இருக்க முடியாது என்று ரஷ்யர் காஸ் 1934-இல் சோதனைக்குழாயில் காட்டினார். இங்கே அந்தச் சண்டை சில அங்குல அலகு வித்தியாசத்தில் சமரசமாகியிருக்கிறது. இருபத்தைந்து கிராம் எடையுள்ள கொசு உள்ளான் கூடு கட்டுவது ஆர்க்டிக் கரையின் தூந்திரத்தில். இந்தச் சேற்றின் மேல்தோலை நம்பி அத்தனை தூரம் வருகிறது.

இனி உப்பளம். மரக்காணத்து அளங்களை வெள்ளை வெளேரென்று படமெடுப்பவர்கள் எல்லோரும் உப்புக் குவியலையே எடுக்கிறார்கள். எனக்கு அதற்கு முந்தைய தண்ணீர்தான் பிடிக்கும். கழிநீர் முதலில் பெரிய தேக்கத்தில் நிற்கும், பிறகு பாத்தி பாத்தியாக நகர்ந்து வெயிலில் சுண்டும். அளத்துக்காரர்கள் கணக்கைக் கண்ணாடிக் குழாய் மிதவையைப் போட்டு டிகிரியில் சொல்வார்கள். கடல்நீர் 3 டிகிரி சொச்சம். 25 டிகிரிக்கு வந்தால் சோற்றுப்பு படியும். இந்த 3-க்கும் 25-க்கும் நடுவே, வரப்பின் மேல் சில நிமிட நடையில், ஓர் உலகமே ஆள் மாறுகிறது.

முதல் தேக்கத்தில் மடவை, இறால், நத்தை, கழிமுகத்தில் உள்ள எல்லாம் உண்டு. டிகிரி ஏற ஏற மீன் குறையும், ஒரு கட்டத்தில் அறவே நின்றுவிடும். மீன் இல்லாத அந்த நீரில்தான் தமிழகக் கரையின் உப்பளங்களில் ஆர்டீமியா என்னும் உப்புநீர்ப் பூச்சியிறால் தலையெடுக்கும். அதற்கு ஓட்டமும் கிடையாது, கவசமும் கிடையாது. எந்த மீனும் ஒரே நாளில் தின்று தீர்த்துவிடும். அதன் ஒரே பாதுகாப்பு, வேறெவராலும் தாங்க முடியாத தண்ணீர். நிலைமை நன்றாக இருக்கும்போது குஞ்சாகவே ஈனும். உப்பு ஏறி, பிராணவாயு குறைந்தால் அதே தாய் தடித்த ஓடு போட்ட முட்டைகளை விடும். அவை காய்ந்து தூசியாகக் கரையில் ஒதுங்கி, ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, தகுந்த நீர் பட்டதும் பொரியும். விக்டர் ஷெல்ஃபோர்டு 1913-இல் சொன்ன தாங்குதிறன் விதியைப் பாடப்புத்தகத்தில் மணி வடிவ வளைகோடாகப் போடுவார்கள். உப்பளத்து வரப்பில் அந்தக் கோட்டின் மேலேயே நடக்கலாம்.

இன்னும் மேலே போனால் நீர் கண்ணுக்கே நிறம் மாறும். டூனாலியெல்லா என்றொரு ஒற்றைச்செல் பாசி இருக்கிறது. பிரெஞ்சுக்காரர் டூனால் 1838-இல் தம் நாட்டு உப்பளத்தில் முதலில் கண்டது. அதற்கு மற்றப் பாசிகளுக்கு இருப்பதுபோல் விறைப்பான செல்சுவர் கிடையாது. வெளியே உப்பு அதிகமானால் உள்ளே கிளிசரால் தயாரித்துச் சமன் செய்துகொள்ளும். வெயிலும் உப்பும் வாட்டும்போது காரட்டிலுள்ள அதே செம்மஞ்சள் நிறமியைச் சேர்த்துவைத்துக் குடையாகப் பிடித்துக்கொள்ளும். 25 டிகிரியை நெருங்கும் பாத்தியை இளஞ்சிவப்பாக்குவது அதோடு சேர்ந்த இன்னொரு கூட்டம், உப்பை விரும்பும் ஆர்க்கியா நுண்ணுயிர்கள். இவற்றின் வழி வேறு: கிளிசரால் எல்லாம் இல்லை, பொட்டாசியத்தை உள்ளே ஏற்றிக்கொண்டு உப்புக்கு உப்பாகவே நிற்கும். இவற்றில் சில பச்சையமே இல்லாமல், ஊதா நிறப் புரதம் ஒன்றால் வெயிலைச் சக்தியாக்கும் என்பது 1970-களில்தான் தெரியவந்தது. கழுவேலியின் உமரியும் கண்டலும் ஒரே கேள்விக்கு இரண்டு விடை சொன்னதைப் போல, கண்ணுக்குத் தெரியாத இந்த இரண்டும் சொல்கின்றன. விடைகள் வேறுபடுவதில்தான் இந்தக் கரையின் ருசி எனக்குப் படுகிறது.

இந்தச் சிவப்பு அளத்துக்கும் வேலை செய்கிறது. நிறமேறிய நீர் வெயிலை அதிகம் வாங்கிச் சீக்கிரம் சுண்டும். பலகையால் உப்பு வாரிக்கொண்டிருந்த ஒருவரிடம் நிறத்தைப் பற்றிக் கேட்டபோது அவர் நிமிரக்கூட இல்லை. “செவந்தாதான் சார் உப்பு பூக்கும். பச்சையா இருந்தா இன்னும் நாளாவும்.”

அவர் நின்ற பாத்திக்கு அடுத்த வரப்பில் நெடுங்கால் உள்ளான் ஒன்று கூடு வைத்திருந்தது. கூடு என்று சொல்வது மரியாதைக்குத்தான். கொஞ்சம் மண் குழி, நாலு முட்டை, மேலே வெயில். இந்தப் பறவை அடிக்கடி எழுந்து நீருக்குப் போய், வயிற்று இறகை நனைத்துக்கொண்டு திரும்பிவந்து உட்காரும். அடைகாப்பது சூடேற்ற என்றுதான் நாம் படித்திருக்கிறோம். இங்கே சித்திரை வைகாசியில் அடைகாப்பது முட்டையைக் குளிரவைக்க.

உப்பு படிந்து முடிந்தபின் மிஞ்சுவது மக்னீசியம் செறிந்த கசப்பு நீர். அதை நேரத்தில் வடிக்காவிட்டால் உப்பும் கசந்துவிடும், ஆகவே வெட்டி விடுவார்கள். ஐப்பசியில் முதல் பெருமழை வந்ததும் பாத்திகளின் வரிசை முழுவதும் குலைந்துபோகும். 25 டிகிரி பாத்தியும் 3 டிகிரி தேக்கமும் ஒன்றாகும். நல்ல தண்ணீர் பட்டால் அந்தச் சிவப்பு நுண்ணுயிர்களின் செல் வெடித்துச் சிதறும். மழைமாதங்களில் அளத்துத் தொழிலாளர்களுக்கும் வேலை கிடையாது. அந்தக் காலத்துக்கென்று குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணத்தை அரசு சில ஆண்டுகளுக்கு முன் தொடங்கியது. தை பிறந்தபின் சேற்றைக் கோலி, தரையைக் காலால் மிதித்து இறுக்கி, மறுபடி முதல் டிகிரியிலிருந்து தொடங்க வேண்டும்.

அதற்குள் சிவப்பு எங்கே போய் ஒளிந்திருக்கும்? ஓர் இடம் வரப்பின் மேலேயே இருக்கிறது. உப்புப் பரல் உருவாகும்போது தாய்நீரின் நுண்துளிகள் அதற்குள் அடைபட்டுப்போகும். அந்தத் துளிக்குள் ஆர்க்கியா உயிரோடு நெடுங்காலம் இருக்கும் என்பது ஆய்வகத்தில் உறுதியானது. கீற்று வேய்ந்து மூடிவைத்த குவியலில், மூட்டையில், லாரியில், ஏன் நம் அடுக்களைக் கல்லுப்பு ஜாடியிலும்கூட அப்படிப்பட்ட துளிகள் இருக்கலாம். அந்த உப்பு வாரியவரிடம் இதைச் சொன்னேன். முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

“உசுரு இருந்தா இருந்துட்டுப் போவட்டும் சார். மூட்டை வெலை ஏற மாட்டேங்குதே, அதுக்கு எதனா வழி இருக்கா?”